உச்சாணியின் கட்டைவிரல்கள்

டவர் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. இல்லையென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறுபது மீட்டர் உயரத்தில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து, கீழே நடமாடுகிற அத்தனை பேரின் உச்சந்தலையையும் பார்த்துக்கொண்டே பிழைப்பு நடத்துகிறவனுக்குத் திமிர் வராமல் வேறென்ன வரும்? நம்ம ஆளுக்கும் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் மேலேயே கிடந்ததால் வேலைத் தளத்தில் எல்லோரும் அவரை 'உச்சாணி' என்றுதான் கூப்பிட்டார்கள். கிண்டலாக வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவரைக் கீழே இறக்கிவிட்டது அவருடைய இடது காது. ஒருநாள் காலையில் ஏணியின் பாதியில் ஏறிக்கொண்டிருந்தபோது உலகமே ஒரு சுற்றுச் சுற்றியது. கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கி வந்தார். உள்காதில் கோளாறு, எப்போது வேண்டுமானாலும் கிறுகிறுப்பு வரும் என்றார் டாக்டர். "தரையில என்ன வேணா பண்ணுங்க, ஓடுங்க, ஆடுங்க. ஏணி மட்டும் ஏறாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். டாக்டருக்கு என்ன, சிரிப்பார்.

ஆறு மாதமாக உச்சாணிக்கு ஸ்டோர் ரூமில் வேலை. காலையில் ஹெல்மெட் கொடுக்க வேண்டும், சாயங்காலம் திருப்பி வாங்க வேண்டும். நடுவில் யாராவது கையுறை கேட்டால் கொடுக்க வேண்டும். அந்தக் கையுறையை அவர் கொடுக்கிற விதத்தைப் பார்த்தால் சொந்தத் தோலை உரித்துக் கொடுப்பதாகத்தான் தோன்றும். அவருடைய கூண்டில் இப்போது இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தினமும் காலையில் தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏணியில் விறுவிறுவென்று ஏறிப் போவாள். உச்சாணி ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்து, அவள் தூக்குகிற ஒவ்வொரு சுமையிலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பார். பெரும்பாலும் குற்றம் எதுவும் இருக்காது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

வீட்டில் மனைவியிடம் ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டார். "எனக்கு மேல போகணும். அவ்வளவுதான். மத்த எதுவும் ருசிக்கல."

மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் அவள் கடை. மிஷினை நிறுத்தாமலே, "ருசிக்காமத்தான் மூணு தட்டு சாப்பிட்டீங்களா?" என்றாள். ஆனால் அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

இந்த நிலையில்தான் சைட் இன்ஜினியர் ஒரு செய்தி சொன்னார். கிரேனின் நீண்ட கையைத் துண்டு துண்டாகக் கோத்துப் பிடித்திருக்கிற பூட்டு ஊசிகளை வாராவாரம் பார்க்க வேண்டும். ஆளை அனுப்பினால் அரை நாள் வேலை கெடுகிறது. அதனால் டிரோன் வைத்துப் பார்க்கப் போகிறார்களாம். ஓட்டுகிறவர் கண்ணில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொள்வார். டிரோனின் மூக்கில் இருக்கிற கேமரா என்ன பார்க்கிறதோ அதுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்தே மேலே போய்விட்டு வரலாம். வெளியிலிருந்து ஆள் வரவழைக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

'உட்கார்ந்த இடத்திலிருந்தே மேலே போகலாம்' என்பது மட்டும்தான் உச்சாணியின் காதில் விழுந்தது. அதுவும் அந்த இடது காதிலேயே விழுந்தது.

"சார், அந்த வேலைய எனக்குக் குடுங்க."

"டிரோன் ஓட்டுவீங்களா?"

"ரெண்டு கையில ரெண்டு குச்சி. நான் இருபத்திரண்டு வருஷமா அதைத்தானே சார் பண்றேன்?"

இன்ஜினியர் யோசித்தார். நல்ல மனிதர், ஆனால் ஏமாளி இல்லை. "பத்து நாள் டைம் தர்றேன். வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை காலையில இங்க வந்து ஓட்டிக் காட்டுங்க. கிரேன் கையில எட்டு ஊசி இருக்கு. ஒவ்வொண்ணும் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லிட்டு, பத்திரமா இறக்கணும். ஆச்சுன்னா வேலை உங்களுக்கு. ஆகலைன்னா வெளியாளு. அப்புறம் ஸ்டோர் ரூம்தான், என்கிட்ட வந்து புலம்பக் கூடாது."

உச்சாணி தலையாட்டிவிட்டு வந்தார். நேரே போனது மச்சினன் கடைக்கு.

மச்சினன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். மனைவிக்கு ஒரே தம்பி. கடையைவிட வாய் பெரிது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே மைதானத்தில் டிரோன் ஓட்டுகிற கூட்டத்தோடு சேர்ந்து திரிகிறவன். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"மாமா, பத்து நாள்லயா? நான் முதல் மாசம் முழுக்க மரத்துலதான் மோதிக்கிட்டிருந்தேன்."

"நீ மோதுவே மாப்ளே. உன் கை அப்படி. நான் சிமெண்டு மூட்டையை ஊசி முனையில எறக்குனவன்."

"சரி, பாப்போம் உங்க ஊசி முனையை" என்றான் மச்சினன். அன்று சாயங்காலமே உள்ளங்கையளவு டிரோன் ஒன்றையும், ஒரு ரிமோட்டையும், கறுப்பாக ஒரு முகக் கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

முன்னறையில் நாற்காலி போட்டு உச்சாணியை உட்கார வைத்தார்கள். ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடது குச்சியை மேலே தள்ளினால் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். வலது குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் டிரோன் சாய்ந்து போகும். கண்ணாடியை மாட்டியதும் உச்சாணிக்குத் தெரிந்தது சொந்த வீட்டுத் தரை. எறும்புக்குத் தெரிகிற அளவில் தெரிந்தது. எதிரே மலை மாதிரி தையல் மிஷினின் கால்.

"மெதுவா ஏத்துங்க மாமா."

ஏற்றினார். தரை விலகியது. மிஷினின் பலகை தெரிந்தது, நூல்கண்டு தெரிந்தது, மனைவியின் கை தெரிந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரு பொருளை மேலிருந்து பார்க்கிறார். அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அட, அட, அட" என்றார்.

அதற்குள் சுவர் நெருங்கிவிட்டது. "மாமா, சுவரு!" என்று மச்சினன் கத்தினான்.

உச்சாணி உடனே இரண்டு கட்டைவிரலையும் குச்சியிலிருந்து எடுத்துவிட்டார்.

டிரோன் சுவரில் மோதியது, மேலே ஏறியது, கூரையில் தலையை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதது. கடைசியில் தைத்து மாட்டியிருந்த பள்ளிக்கூடச் சீருடைகளுக்குள் விழுந்து, பதினேழு பாவாடைகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு தரைக்கு வந்தது. நாலு இறக்கையிலும் வெள்ளை நூல் சுற்றியிருந்தது.

"ஊசி முனை" என்றான் மச்சினன்.

மனைவி எதுவும் பேசவில்லை. கத்தரிக்கோலை எடுத்து வந்து நூலை வெட்டிக் கொடுத்தாள். அவள் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்று அந்த வீட்டில் இரண்டு ஆண்களுக்கும் தெரியும்.

மூன்று நாள் கம்ப்யூட்டரில் பயிற்சி. உண்மையான ரிமோட்டு, திரையில் பொய்யான டிரோன். எத்தனை முறை விழுந்தாலும் ஒரு பட்டனை அழுத்தினால் புதிதாக எழுந்து வரும். உச்சாணி அதை ஒரு நாளைக்கு நூறு தடவை எழுப்பினார். நேராகப் போவார், அழகாகத் திரும்புவார், வளையத்துக்குள் நுழைவார். மச்சினனே வாயைப் பிளந்தான். ஆனால் எதிரே ஏதாவது ஒன்று திடீரென்று வந்துவிட்டால் போதும், இரண்டு கட்டைவிரலும் பட்டென்று எழும்பிவிடும். டிரோன் தன் பாட்டுக்குப் போய் எதிலாவது மோதும்.

"ஏன் மாமா விடுறீங்க? ஆபத்துன்னா இன்னும் கெட்டியால்ல பிடிக்கணும்?"

உச்சாணி தன் கட்டைவிரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்கே விளங்கியது.

"மாப்ளே, கிரேன்ல முதல் பாடமே அதான்டா. சந்தேகம்னா கையை எடு. கையை எடுத்தா நெம்புகோல் தானா நடுவுக்கு வந்துரும், பிரேக் விழுந்துரும், எல்லாம் அப்படியே நின்னுரும். எத்தனை தடவை ஆளுங்க உசுரு அதுல பொழச்சிருக்கு தெரியுமா? இருபத்திரண்டு வருஷமா கை அதைத்தான் படிச்சிருக்கு."

"இது நிக்காது மாமா. விட்டா, விட்ட நிலையிலயே போய்க்கிட்டிருக்கும். இந்த ஏத்த-எறக்கக் குச்சி நடுவுக்குத் திரும்பவே திரும்பாது. பாருங்க, ஸ்பிரிங்கே இல்லை."

"என்ன மிஷின்டா இது, பொறுப்பில்லாத மிஷின்!" என்று உச்சாணிக்குக் கோபமே வந்துவிட்டது.

கோபப்பட்டு என்ன பயன்? கைக்குச் சொன்னால் கேட்க வேண்டுமே. கெட்டதைப் படித்த கையென்றால் திட்டித் திருத்தலாம். இது நல்லதைப் படித்த கை. மச்சினன் மனமிரங்கி, வலது குச்சியை விட்டால் டிரோன் தானாகச் சமன் ஆகிற முறைக்கு மாற்றிக் கொடுத்தான். அப்போதும் இடது குச்சியின் தொல்லை தீரவில்லை. ஐந்தாம் நாள் மைதானத்துக்குப் போனார்கள். கொஞ்சம் பெரிய டிரோன். ஒரு பேட்டரி ஐந்து நிமிஷம்கூட வராது. எதிரே ஒரு பறவை குறுக்கிட்டது, கட்டைவிரல் எழும்பியது. டிரோன் பக்கத்து வயலில் போய் விழுந்தது. ஒரு மணி நேரம் தேடினார்கள். கேமரா உடைந்திருந்தது.

உச்சாணி அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். "முடியாது. ஸ்டோர் ரூமுக்குன்னு எழுதியிருக்கு" என்றார்.

மனைவி அவர் வலது கையை இழுத்து, கட்டைவிரலை அளவு நாடாவால் அளந்தாள். பிறகு இடது கையை.

"என்ன பண்றே?"

"பேசாம இருங்க."

தோல் துண்டில் இரண்டு விரலுறை தைத்தாள். அதோடு எலாஸ்டிக். உறையை விரலில் மாட்டி, எலாஸ்டிக்கைக் குச்சியில் மாட்டினால் விரல் எழும்பவே முடியாது. அருமையான தையல், உள்பக்கம்கூட நூல் தெரியவில்லை. மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, அப்படியே அவரை நாற்காலியோட சேத்துத் தைச்சிரு."

மறுநாள் மைதானத்தில் உறை மாட்டி ஓட்டினார். எல்லாம் நன்றாகவே போனது. ஆனால் ஆபத்து வந்ததும் விரல் எழும்பியது, எலாஸ்டிக்கும் சேர்ந்து எழும்பியது, குச்சியும் அதோடு மேலே போனது. டிரோன் ராக்கெட்டாக வானத்துக்குக் கிளம்பிவிட்டது. மச்சினன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

அன்றைக்கு மனைவியும் கூட வந்திருந்தாள், தன் தையல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க. அவளுக்கு உயரம் என்றாலே ஆகாது. இரண்டாம் மாடியில் துணி காயப்போட்டால்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் காயப்போடுவாள். புருஷன் இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய கிரேனை அவள் ஒருமுறைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. அதனால் வானத்தைப் பார்க்காமல், டிரோன் பார்ப்பதைக் காட்டுகிற சின்னக் கைத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மைதானம் மளமளவென்று சிறுத்துக்கொண்டே போனது. அவளுக்கு உயிரே போய்விட்டது.

"எறக்குங்க!" என்று கத்தினாள்.

உச்சாணியின் கை இறக்கியது.

"மெதுவா! மெதுவா எறக்குங்க!"

மெதுவாக இறக்கியது. அவர் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. "இன்னும்... இன்னும்... கொஞ்சம்... அவ்வளவுதான்" என்று அவள் சொல்லச் சொல்ல, டிரோன் புல்லில் வந்து பூப்போல உட்கார்ந்தது.

உச்சாணி கண்ணாடியைக் கழற்றினார்.

"சிக்னல்காரன்" என்றார் மெல்ல. "மாப்ளே, சிக்னல்காரன்டா! கிரேன்ல பாதி வேலை கண்ணு தெரியாமத்தான். சுமை கட்டடத்துக்குப் பின்னாடி போயிரும். கீழ இருக்கிற சிக்னல்காரன் வாக்கி டாக்கியில சொல்லுவான், ஏத்து, எறக்குன்னு. கை அவன் சொல்றதைத்தான் கேக்கும். என் பேச்சைக்கூடக் கேக்காது."

"நான் அஞ்சு நாளா கத்துனேனே, கேட்டுச்சா?" என்றான் மச்சினன்.

"நீ 'ஐயோ'ன்னு கத்துனே. 'போச்சு'ன்னு கத்துனே. அது சிக்னலா?"

அன்று முதல் மனைவி சிக்னல்காரி ஆனாள். விரலுறைகளைக் கழற்றி ஊசி டப்பாவில் போட்டுவிட்டார்கள். காலையில் மிஷினுக்கு எண்ணெய் விடுவாள், சாயங்காலம் மைதானத்தில் ஒரு நாற்காலியில் உச்சாணி, பக்கத்து நாற்காலியில் அவள். மச்சினன் பின்னால் நின்று வானத்தில் டிரோனைக் கவனிப்பான். ஏத்து, எறக்கு, இடது, வலது. நாலு வார்த்தைதான். ஐந்தாவதாக ஒரு வார்த்தையை மட்டும் சொல்லக் கூடாது என்று முதல் நாளே கண்டுபிடித்தார்கள். ஒரு மின்கம்பம் வந்தபோது அவள் பதறி "நில்லுங்க!" என்று சொல்லிவிட்டாள். கிரேனில் 'நில்லு' என்றால் கையை எடு என்று அர்த்தம். உடனே எடுத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் இரண்டு இறக்கை போயிற்று. அதற்குப் பதில் 'பிடிங்க' என்று வைத்துக்கொண்டார்கள். பிடிங்க என்றால் கெட்டியாகப் பிடித்து, இருக்கிற இடத்திலேயே மிதக்க விட வேண்டும்.

"இத்தனை வருஷத்துல நான் சொன்னதை நீங்க ஒரே தடவையில கேக்குறது இப்பத்தான்" என்றாள் அவள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை வந்தது. மனைவி தளத்துக்கு வர மாட்டேன் என்று முதல்நாள் வரை அடம்பிடித்தாள். அந்த கிரேனுக்குக் கீழே போய் நிற்பதைக் கனவிலும் நினைக்க முடியாது என்றாள். காலையில் பார்த்தால் அவருக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். தளத்தின் வாசலில் அவள் தலையில் ஹெல்மெட் மாட்டிவிட்டவரும் உச்சாணிதான். உள்ளே வந்த பிறகு அவள் தன் கால் விரலைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

கிரேனை நிறுத்தி, ஆட்களை ஒதுக்கியிருந்தார்கள். அந்த இளம்பெண் மட்டும் மேலே கூண்டில் இருந்தாள். இன்ஜினியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு பத்துப் பேர், வேடிக்கை பார்க்க. உச்சாணி கண்ணாடியை மாட்டினார். இது போனால் அவ்வளவுதான், இனிமேல் சாகிற வரைக்கும் கையுறை.

"ஏத்துங்க" என்றாள் பக்கத்து நாற்காலியில் கைத்திரையைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி. குரல் நடுங்கியது. ஆனால் வந்தது.

ஏறினார். முதல் மாடி, மூன்றாம் மாடி, எட்டாம் மாடி. கிரேனின் மஞ்சள் தூண் கண்ணுக்கு முன்னால் கீழே இறங்கிக்கொண்டே போனது. ஏணி தெரிந்தது. அந்த ஏணியில் தனக்குத் தலை சுற்றிய இடம் தெரிந்தது. அதையும் தாண்டினார். கையோடு சேர்ந்து மனசும் ஏறியது. நீண்ட கையை அடைந்து, முதல் ஊசி, இரண்டாம் ஊசி என்று ஒவ்வொன்றின் எதிரிலும் போய் மிதந்தார். "பிடிங்க... பிடிங்க... ம், அடுத்தது" என்றாள் அவள்.

ஐந்தாவது ஊசியில் ஒரு காற்று வந்தது. டிரோன் கம்பியை நோக்கிச் சரிந்தது. பின்னால் நின்ற இன்ஜினியர், பாவம், பழக்க தோஷம், "நில்லு! நில்லு!" என்று கத்திவிட்டார்.

உச்சாணியின் கட்டைவிரல்கள் துடித்து எழும்பின.

"பிடிங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் தளமே அதிர்ந்தது. விரல்கள் குச்சிமேல் விழுந்தன. டிரோன் கம்பிக்கு ஒரு முழம் தள்ளி மிதந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "சார், கோவிச்சுக்காதீங்க. அந்த வார்த்தைய மட்டும் இங்க யாரும் சொல்லாதீங்க." இன்ஜினியர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எட்டு ஊசியும் ஆயிற்று. இனி இறங்க வேண்டியதுதான். திரும்புகிற வழியில் கூண்டு வந்தது.

இருபத்திரண்டு வருஷம் அதற்குள்ளே இருந்தவர். வெளியிலிருந்து அதை இந்த உயரத்தில் அவர் பார்த்ததே இல்லை. இவ்வளவு சின்னதா? கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். டிரோனைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு முதுகுக்குப் பின்னால் கைவிட்டு எதையோ உருவி, கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினாள்.

ஒரு மெத்தை. பல நிறத் துணித் துண்டுகளை ஒட்டித் தைத்த சின்ன முதுகு மெத்தை.

"அது நான் தைச்சது!" என்றாள் மனைவி. "தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே!"

தொலையவில்லை. கடைசி நாள் அதை எடுக்க அவரால் மேலே போக முடியவில்லை. எடுத்துத் தா என்று அந்தப் பெண்ணிடம் கேட்கவும் ரோஷம் விடவில்லை. தூக்கி எறிந்திருப்பாள் என்றுதான் இத்தனை நாளும் அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தார். அவளோ அதைத் துவைத்திருந்தாள். ஓரத்தில் பிரிந்திருந்த இடத்தைக்கூட, தையல் தெரியாத கையால், கோணலாகத் தைத்திருந்தாள். அவள் மெத்தையை இரண்டு தட்டுத் தட்டி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

உச்சாணிக்கு அழுகை வந்துவிட்டது.

வந்த கண்ணீர் எங்கே போகும்? முகத்தை இறுக்கிப் பிடித்திருக்கிற கண்ணாடிக்குள்ளேயே தேங்கியது. கூண்டு கரைந்தது, வானம் கரைந்தது, எல்லாம் ஒரே வெள்ளை. துடைக்க வேண்டும் என்றால் கையை எடுக்க வேண்டும். கையை எடுத்தால் எல்லாம் போச்சு.

"இந்தா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "எனக்கு ஒண்ணும் தெரியல."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "எனக்குத் தெரியுது. கையை விடாதீங்க. வலது. இன்னும் வலது. பிடிங்க. இப்ப எறக்குங்க" என்றாள். எட்டாம் மாடி அவள் திரையில் மேலே போனது. அவள் கண்ணை மூடவில்லை. "எறக்குங்க... மெதுவா... இடது கொஞ்சம்... எறக்குங்க." அவர் வெள்ளைக்குள் இருந்துகொண்டு அவள் குரலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "இன்னும்... இன்னும்... கொஞ்சூண்டு... அவ்வளவுதான்."

டிரோன் தரையில் உட்கார்ந்தது. பத்துப் பேரும் கைதட்டினார்கள். மச்சினன் விசிலே அடித்துவிட்டான். உச்சாணி கண்ணாடியைக் கழற்றும் சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம்" என்றார் இன்ஜினியர். "ஊசியெல்லாம் எப்படி இருக்கு?"

உச்சாணி யோசித்துப் பார்த்தார். ஓட்டுகிற பயத்தில் ஊசியின் எதிரே நின்றதுதான் ஞாபகம் இருந்தது. ஊசி ஞாபகம் இல்லை. "நல்லா..." என்று ஆரம்பித்தார்.

"ஏழு நல்லா இருக்கு" என்றாள் மனைவி. "ஆறாவது சரியில்லை. மத்த ஊசிக்கெல்லாம் முனை ரெண்டா விரிச்சு மடக்கியிருக்கு. அதுக்கு மட்டும் மடக்கல, நேரா நிக்குது. துணியில குத்துன குண்டூசி மாதிரிதான் சார், மடக்காட்டி உருவிக்கிட்டு வந்துரும்."

இன்ஜினியரின் முகம் மாறியது. பதிவான படத்தைப் போட்டுப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்து அந்தப் பெண்ணைக் கீழே வரச் சொன்னார், மெக்கானிக்கை மேலே போகச் சொன்னார். திரும்பி உச்சாணியின் தோளில் தட்டினார். "நல்ல கண்ணுங்க உங்களுக்கு. வேலை உங்களுக்குத்தான்."

அங்கேயே வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. மச்சினன் பின்னாலிருந்து கண்ணால் ஜாடை காட்டினான், பேசாதீங்க மாமா என்று. உச்சாணி ஒரு நிமிஷம் கிரேனைப் பார்த்தார். அந்தப் பெண் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"சார், கண்ணு என்னுது இல்லை. ஊசியைப் பாத்தது இவ. கடைசியில கண்ணாடிக்குள்ள ஆவி அடிச்சு எனக்கு ஒண்ணுமே தெரியல. எறக்குனதும் இவதான். கை மட்டும்தான் சார் என்னுது."

இன்ஜினியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்ணு தெரியாமலா அறுபது மீட்டர் எறக்குனீங்க?"

"கிரேன்ல தினமும் பண்றதுதானே சார். சிக்னல்காரங்க நல்லா இருந்தா எறக்கலாம்."

மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். இன்ஜினியர் மனைவியிடம் திரும்பிக் கேட்டார். "வாரம் ஒரு காலைப் பொழுது. உங்களால வர முடியுமாம்மா?"

"சனிக்கிழமைன்னா வருவேன்" என்றாள் அவள். "ஆனா நான் அண்ணாந்து பாக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அந்தப் பெண் மூச்சு வாங்க வந்து நின்றாள். "அண்ணே, மெத்தையை எடுத்துட்டு வரவா? அவசரத்துல விட்டுட்டு வந்துட்டேன்."

"வேணாம்மா" என்றார் உச்சாணி. ஆறு மாதத்தில் அவளோடு அவர் பேசிய முதல் வார்த்தை அது. "அங்கயே இருக்கட்டும். இடுப்பு வலிக்கும், வச்சுக்கோ. ஓரம் பிரிஞ்சா குடுத்து விடு, இவ தைச்சுத் தருவா."

எல்லோரும் கலைந்தார்கள். மச்சினன் பேட்டரி மாற்றினான், இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னத் திரையிலயே அப்படி இருந்துச்சே" என்றாள். "இதுல எப்படி இருக்கும்?"

"பயப்படுவே."

"குடுங்க, பாக்கலாம்."

வாங்கி முகத்தில் வைத்தாள். ஓரத்துப் பஞ்சு சொதசொதவென்று ஈரமாக இருந்தது. ஆவி இவ்வளவு நனைக்காது. அவளுக்குத் தெரியாதா? கைக்குட்டை மடியிலேயே இருந்தது, ஆனால் அவள் துடைக்கவில்லை. அந்த ஈரத்தோடேயே பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு, கைத்திரையை அவர் மடியில் வைத்து, ரிமோட்டைப் பிடித்திருந்த அவர் முழங்கையை ஒரு கையால் பிடித்தாள்.

"ம், ஏத்துங்க" என்றாள்.